குறுகிய விடுமுறையில் ஸ்கூபா டைவிங்: எந்தக் கடலைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு முதல் ஏழு நாள் வரை மட்டுமே விடுப்பு கிடைக்கும், அதற்குள் கடலடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று எண்ணுபவர்களுக்காக எழுதப்பட்டவை இந்தப் பதில்கள். பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து புறப்படுபவர்களை மனத்தில் கொண்டிருந்தாலும், சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. எந்தத் தீவின் படம் அழகாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்காமல், கையில் இருக்கும் நாட்களில் எத்தனை மணி நேரம் நீருக்குள் இருக்க முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். நீண்ட விடுமுறையில் செய்யும் பிழைகளை நாட்கள் ஈடுகட்டிவிடும். குறுகிய விடுமுறையில் அதற்கு இடமில்லை.

ஐந்து நாள் விடுமுறையில் உண்மையில் எத்தனை முறை கடலுக்குள் இறங்க முடியும்?

பெரும்பாலும் ஆறு முறை. எல்லாம் கூடி வந்தால் ஏழு. முதல் நாள் பயணத்தில் கழிந்துவிடும். கடைசி நாள் விமானத்துக்கு உரியது, அன்று கடலில் இறங்கவே கூடாது. எஞ்சும் மூன்று நாட்களில், காலையில் படகேறி இரண்டு முறை முக்குளித்துவிட்டு மதிய உணவுக்குக் கரை திரும்புவது பெரும்பாலான டைவிங் மையங்களின் நடைமுறை. இடைநாள் ஒன்றில் பிற்பகலிலோ இரவிலோ இன்னொரு முறை இறங்கலாம்.

இந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால், ஓர் இடத்துக்குப் போய்ச் சேர இரண்டு விமானமும் ஒரு பேருந்தும் ஒரு படகும் தேவைப்படுமானால், அந்த இடம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், ஆறு முறை என்பது நான்காகக் குறைந்துவிடும் என்பது விளங்கும். தங்குமிடத்தை நடுவில் மாற்றினால் மேலும் ஒரு காலை வீணாகும். எனவே ஒரே தீவு, ஒரே தங்குமிடம், ஒரே டைவிங் மையம் என்று வைத்துக்கொள்ளும்படி உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். செலவை ஒப்பிடும்போதும் மையங்கள் சொல்லும் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், பயணம், தங்குமிடம், உணவு அனைத்தையும் கூட்டி, கிடைக்கப்போகும் முக்குளிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தோன்றிய இடம் பல நேரம் மலிவாக இருக்காது.

விமானம் ஏறுவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

ஆழத்தில் அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலின் திசுக்களில் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அது முடிவதற்குள் காற்றழுத்தம் குறைந்த விமான அறைக்குள் போய் அமர்ந்தால், கரைந்திருக்கும் வாயு குமிழிகளாகி மூட்டுவலி முதல் நரம்புப் பாதிப்பு வரை உண்டாக்கக்கூடும். முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதலின்படி, ஒரே ஒரு சாதாரண முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பல முறையோ தொடர்ந்து பல நாட்களோ முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி விட வேண்டும். மேலேறும் வழியில் கட்டாயமாக நின்று அழுத்தம் குறைக்க வேண்டிய அளவுக்கு ஆழ்ந்த முக்குளிப்பானால் 18 மணி நேரமும் போதாது. விடுமுறைப் பயணிகள் பொதுவாக 24 மணி நேரம் விட்டுவிடுவது நல்லது.

விமானத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், மலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த வழிகாட்டுதல் சுமார் 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்கு இணையான காற்றழுத்தத்தை மனத்தில் கொண்டது. ஏறுவது சிறகிலா சக்கரத்திலா என்பது உடலுக்குத் தெரியாது. திருகோணமலையில் காலையில் முக்குளித்துவிட்டு, அன்றே வண்டியேறி 1,800 மீட்டருக்கும் மேல் இருக்கும் நுவரெலியாவுக்குச் செல்வது, விமானம் ஏறுவதற்கு ஒப்பானது. கர்நாடகத்தின் முருடேஸ்வரத்தில் ஞாயிறு பிற்பகல் கடலிலிருந்து எழுந்து இரவுப் பேருந்தில் பெங்களூரு திரும்புபவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்; அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மலையும் கடலும் கலந்த பயணமென்றால் மலையை முதலில் வையுங்கள்.

எந்த மாதத்தில் எந்தக் கடல் நன்றாக இருக்கும்?

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதத்தைப் பாருங்கள். விடுப்பு எப்போது என்பது நம் கையில் இல்லாதபோது, இடம் மட்டுமே நம் கையில் இருக்கிறது. நம் பக்கத்துக் கடல்கள் அனைத்தையும் ஆள்பவை இரண்டு பருவக்காற்றுகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்க வைக்கும். லட்சத்தீவு, கர்நாடகக் கரையை ஒட்டிய நெத்ராணித் தீவு, இலங்கையின் மேற்கு மற்றும் தெற்குக் கரைகள் அந்த மாதங்களில் முக்குளிப்புக்கு ஏற்றவை அல்ல. அந்தமானிலும் மழையும் அலையும் மிகுதி. ஆனால் அதே மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை, மலைநாடு காற்றை மறிக்கும் நிழலில் அமைதியாக இருக்கும். ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலையும் மட்டக்களப்பும் தம் சிறந்த நிலையில் இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் நிலை தலைகீழாகி, நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவை, உனவட்டுன, கொழும்பு ஆகியவை தெளியும்.

அந்தமானுக்கு அக்டோபர் பிற்பாதியில் பருவம் தொடங்கினாலும், நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் படகுகளை நிறுத்திவிடலாம். ஜனவரி முதல் மே தொடக்கம் வரை நம்பிப் போகலாம். அதிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் கண்ணாடிபோல் இருக்கும் நாட்கள் மிகுதி. மாலத்தீவில் ஆண்டு முழுவதும் முக்குளிக்க முடியும். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீரின் தெளிவு கூடுதல். தென்மேற்குப் பருவ மாதங்களில் நீர் சற்றுக் கலங்கியிருந்தாலும், அந்தக் கலங்கலுக்குக் காரணமான மிதவையுயிர்களைத் தின்ன வரும் கொம்புத்திருக்கைகளைக் கூட்டமாகக் காணலாம். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அரசே மூடிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் போகிறவர்களுக்குக் காலம் வாய்ப்பாகவே அமைகிறது. ஏப்ரலில் அந்தமான், மே இறுதியில் திருகோணமலை என்று இரண்டு வாசல்கள் திறந்திருக்கும். தீபாவளியை ஒட்டிய விடுப்புதான் சிக்கலானது. அப்போது எங்கும் பருவம் மாறிக்கொண்டிருக்கும். மாலத்தீவு ஓரளவு பாதுகாப்பான தேர்வு.

இதுவரை முக்குளித்ததே இல்லை. பயிற்சி முடித்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

தேவையில்லை; ஆனால் எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்களுக்கான அறிமுக முக்குளிப்பில், சிறிது நேரப் பயிற்சிக்குப் பிறகு பயிற்றுநர் உடன் இருக்க, அதிகபட்சம் 12 மீட்டர் வரை இறங்கலாம். அந்தமான் கடற்கரைகளில் நாள்தோறும் நடப்பது பெரும்பாலும் இதுதான். பயிற்றுநரே மிதப்பைப் பார்த்துக்கொள்வதால், நீந்தத் தெரியாதவர்களையும் பல மையங்கள் அழைத்துச் செல்கின்றன. பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாதவர்கள் இதில் தொடங்குவது முறையே.

பிடிக்கும் என்று ஓரளவு தெரிந்தவர்கள் ஓப்பன் வாட்டர் என்னும் அடிப்படைச் சான்றிதழைப் பெறுவது நல்லது. பேடி, எஸ்.எஸ்.ஐ. ஆகிய முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகளின் இந்தச் சான்றிதழ் உலகெங்கும் ஏற்கப்படுகிறது. 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி தருகிறது. பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு முக்குளிப்புகள் என்று மூன்று அல்லது நான்கு நாட்கள் ஆகும். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 10 வயது நிரம்பிய குழந்தைகள் இளையோர் பிரிவில் சேரலாம்.

குறுகிய விடுமுறை முழுவதையும் வகுப்பறையில் கழிக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பாடத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் முடித்துவிடலாம். நீச்சல்குளப் பயிற்சியைச் சென்னையிலோ பெங்களூரிலோ வார இறுதிகளில் முடித்து, பயிற்றுநரிடம் அதற்கான பரிந்துரைச் சான்றைப் பெற்றுக்கொண்டால், தீவில் கடல் முக்குளிப்புகள் நான்கையும் இரண்டே நாட்களில் செய்து சான்றிதழ் வாங்கிவிடலாம். மூன்றாம் நாளில் சான்றிதழ் பெற்றவராகவே, பயிற்சியின் பதற்றமின்றி, பவளத்திட்டைச் சுற்றிப் பார்க்கலாம். முதல்முறை செல்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த திட்டத்தை நான் அறியேன்.

சென்னையிலிருந்து ஐந்து நாட்களுக்கு ஒரே ஓர் இடம் என்றால் எது?

ஜனவரிக்கும் மே தொடக்கத்துக்கும் இடையில் என்றால், தயக்கமின்றி அந்தமானின் ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்றும், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றப்பட்டிருப்பதால், பதிவு செய்யும்போது இரண்டு பெயர்களையும் தேடிப் பாருங்கள். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பறப்பு. இந்தியர்களுக்குக் கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை. காலை விமானத்தில் இறங்குபவர்கள் பிற்பகல் விரைவுப் படகைப் பிடித்து அன்று மாலைக்குள் தீவைச் சேர்ந்துவிடலாம். திரும்பும்போது, படகு நேரத்தை நம்பி அன்றைய விமானத்தைப் பதிவு செய்யக் கூடாது என்பதால், முந்தைய நாளே தலைநகருக்கு வந்து ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும். பலருக்கு அது வீண் என்று தோன்றும். ஆனால் விமானத்துக்கு முன் உடலுக்குத் தேவைப்படும் இடைவெளியே அதுதான். அந்த நேரத்தில் செல்லுலார் சிறையைப் பார்த்துவிடலாம்.

இந்தத் தீவின் பெரிய சிறப்பு, எல்லா நிலையினருக்கும் உரிய இடங்கள் ஒரே தளத்தில் இருந்து எட்டும் தொலைவில் இருப்பது. கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய நீமோ ரீஃப் என்ற ஆழமற்ற திட்டில், கடல்சாமந்திகளுக்குள் ஒளியும் கோமாளிமீன்களைப் பார்த்தபடி புதியவர்கள் பழகலாம். படகுத்துறைக்கு அருகில் தி வால் என்னும் செங்குத்துப் பாறைச்சுவர் இருக்கிறது. அனுபவமுள்ளவர்களுக்காக, படகில் கூடுதல் தொலைவு சென்றால் வரும் டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் ஆகிய இடங்களில் பாரையும் சீலாவும் களவாவும் பெருங்கூட்டமாகச் சுற்றும். அவை ஆழமும் நீரோட்டமும் உள்ளவை. 30 மீட்டர் வரை இறங்கத் தகுதி தரும் அட்வான்ஸ்டு சான்றிதழ் உள்ளவர்களுக்கே ஏற்றவை. தெற்காசியாவின் ஒரே உயிருள்ள எரிமலையான பாரன் தீவைச் சுற்றியும் முக்குளிப்பவர்கள் உண்டு. அது நீண்ட படகுப் பயணம், குறுகிய விடுமுறைக்குள் அடங்காது. ஆசையை அடுத்த முறைக்கு ஒத்திவையுங்கள்.

இலங்கைக்குப் போவதானால் எந்தக் கரை? மட்டக்களப்பின் போர்க்கப்பலைப் பார்க்க முடியுமா?

எந்தக் கரை என்பதை மாதம் முடிவுசெய்யும். இரண்டு கரைகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், தமிழ் பேசும் முக்குளிப்பவருக்கு ஈடில்லாத அனுபவம் கிழக்கில்தான் இருக்கிறது. திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் செங்குத்தான பாறையின் அடிவாரத்தில், 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் எச்சங்கள் கடலுக்குள் கிடக்கின்றன. 1956-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் இங்கு முக்குளித்தபோது அந்தச் செதுக்கிய கற்களைக் கண்டார்கள். கழுத்தை நிமிர்த்தினால் மேலே கோயில், குனிந்தால் அதன் முன்னோர் கட்டிய தூண்கள் என்று இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத் தீவு, 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆழமில்லாத பவளத்திட்டும், கரையோரம் வட்டமிடும் கருமுனைச் சுறாக்களும் அங்கே உண்டு. மூச்சுக்குழாயோடு மேற்பரப்பில் நீந்துபவர்களுக்கும் அது போதும்.

மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். அது 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இருக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். ஆகவே, சிறப்பு வாயுக் கலவையிலும் படிப்படியாக அழுத்தம் குறைப்பதிலும் பயிற்சி பெற்றவர்களுக்கே அது உரியது. விடுமுறைக்கு வந்த ஒருவரை, அனுபவம் குறைவு என்று தெரிந்தும் அங்கே அழைத்துச் செல்ல ஒப்புக்கொள்ளும் மையம் இருந்தால், அந்த மையத்திடம் எதற்கும் போகாதீர்கள். அதே நாளில் அதே தாக்குதலில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல், கல்குடா, பாசிக்குடாப் பக்கம் 25 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் இருக்கிறது. அட்வான்ஸ்டு சான்றிதழ் உள்ளவர்கள் அதைப் பார்க்கலாம்.

பயண நேரத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள். சென்னையிலிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குச் சாலையில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்களுக்குக் கொழும்பையே தளமாகக் கொள்வது வசதி. அந்த நகரத்தை ஒட்டிய கடலில் பல கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றுள் பெர்சியஸ், 1917-இல் ஜெர்மானியர் விதைத்த கண்ணிவெடியில் சிக்கியது. மூழ்கிய கப்பல்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு, நான்கே நாள் விடுப்பில் இவ்வளவு கிடைக்கும் இடம் அருகில் வேறில்லை.

மாலத்தீவு பணக்காரர்களுக்கு மட்டும்தானா? புதியவர்களுக்கு ஏற்றதா?

தனித்தீவு விடுதிகள் விலை மிகுந்தவைதாம். ஆனால் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த அரசு அனுமதித்த பிறகு, நடுத்தர வருவாயினருக்கும் மாலத்தீவு எட்டுகிறது. இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் சுற்றுலா விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பறப்பு. விமான நிலையத்தின் வாசலிலேயே படகு நிற்கும். மாஃபுஷி போன்ற தீவை ஒரு மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். இறங்கிய நாளின் பிற்பகலிலேயே கடலுக்குள் இருக்க முடிகிற இடம் இது. மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது, உடை அடக்கமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் சற்றுத் தயக்கமானது. மாலத்தீவின் சிறப்பே பவளத்தீவு வளையங்களுக்கு இடையிலான கால்வாய்கள். அவற்றின் வழியே பெருங்கடல் உள்ளும் புறமுமாகப் பாய்வதால்தான் சுறாக்களும் திருக்கைகளும் அங்கே கூடுகின்றன. அந்த நீரோட்டத்தில் பதறாமல் மிதந்து செல்ல, மிதப்பைக் கட்டுப்படுத்தும் பழக்கம் கைவந்திருக்க வேண்டும். புதிதாகச் சான்றிதழ் பெற்றவர்கள் உள்வளையத்துக்குள் இருக்கும் அமைதியான திட்டுகளுக்கு அழைத்துச் செல்லும்படி கேட்கலாம். ஆனால் அதற்காக அவ்வளவு தொலைவு போக வேண்டுமா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். இருபது, முப்பது முறை முக்குளித்தவர்களுக்கு இதற்கு இணை இல்லை. தெற்கு ஆரி வளையத்தில் ஆண்டு முழுவதும் திமிங்கலச் சுறாக்களைக் காண வாய்ப்புண்டு. கொம்புத்திருக்கைகளுக்குப் பெயர்பெற்ற ஹனிஃபாரு விரிகுடாவில் சிலிண்டருடன் இறங்க அனுமதியில்லை, மேற்பரப்பில் நீந்த மட்டுமே முடியும். இதை அறியாமல் அதற்காகவே திட்டமிடுபவர்கள் பலர். நாட்டின் சட்டப்படி முக்குளிப்பின் ஆழ எல்லை 30 மீட்டர்.

லட்சத்தீவு எப்படி?

பவளமும் நீரின் தெளிவும் மிகச் சிறப்பானவை. ஆனால் வெளியூரார் நுழைவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், பெரும்பாலும் கொச்சி வழியாகவே செல்ல வேண்டும், இருக்கைகளும் குறைவு. தேதிகளை மாற்ற முடியாத குறுகிய விடுப்புக்கு இது பொருந்தாது. பல மாதங்களுக்கு முன்பே திட்டமிட முடிந்தவர்கள் கட்மத், பங்காரம் தீவுகளை எண்ணலாம்.

இரண்டு நாள் வார இறுதி மட்டுமே கிடைக்கிறது. விமானமே ஏறாமல் எங்காவது போக முடியுமா?

முடியும். முருடேஸ்வரத்திலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றால் நெத்ராணித் தீவு வரும். அக்டோபர் முதல் மே வரை படகுகள் செல்கின்றன. பாறைகளும் மீன்களும் நிறைந்த இடம். தெளிவு நாளுக்கு நாள் மாறும். கொங்கண் இரயில் பாதையில் முருடேஸ்வரத்துக்கே நிலையம் இருப்பதால், மங்களூரு வழியாக வருபவர்களுக்கு மலைச்சாலையைத் தவிர்க்கும் வசதியும் உண்டு.

புதுச்சேரிக் கரைக்கு அப்பால் இயற்கைப் பாறைகளோடு, மீன்கள் வந்து தங்குவதற்காக மனிதர் அமைத்த செயற்கைத் திட்டும் இருக்கிறது. நீர் கலங்கலாக இருக்கும் நாட்கள் குறைவல்ல, அலையில் படகு ஆடும். தெளிந்த நாளில் திருக்கைகளும் பெரும் மீன்கூட்டங்களும் வியக்க வைக்கும். பயிற்சி பெறவும், பழகியதை மறக்காமல் இருக்கவும் சென்னைவாசிகளுக்கு இதைவிட அருகில் நல்ல இடமில்லை. படத்தில் பார்த்த நீலத்தை எதிர்பார்த்துப் போனால் மட்டும் ஏமாற்றம் வரும்.

மன்னார் வளைகுடா நம் கரையிலேயே இருக்கிறதே, அங்கே ஏன் போகக் கூடாது?

இந்தக் கேள்வி எனக்கும் நெருக்கமானது. முத்துக்கும் சங்குக்கும் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்கியவர்களின் கடல் அது. ஆனால் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே போக முடியாது. கடந்த காலத்தில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கியே போயின. நலிந்த கடலுக்கு ஓய்வு தேவை என்பதை முக்குளிப்பவர்கள் மனமுவந்து ஏற்க வேண்டும்.

தாய்லாந்து, பாலி ஆகியவை குறுகிய விடுமுறைக்குள் அடங்குமா? சிங்கப்பூரிலிருந்து புறப்படுபவர்கள் எங்கே போகலாம்?

ஏழு நாட்கள் இருந்தால் அடங்கும். மலிவான பயிற்சிக்குப் பெயர்பெற்ற கோ தாவ் தீவைச் சேர, பாங்காக்கிலிருந்து மேலும் ஒரு விமானமும் படகும் தேவைப்படும். போக ஒரு நாள், வர ஒரு நாள். புக்கெட் நேரடியாகச் சென்று சேரக்கூடியது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ராச்சா தீவுகளுக்கு நாள்தோறும் படகுகள் செல்லும். பாலியின் வடகிழக்குக் கரையிலுள்ள துலம்பெனில், 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு ஆளாகிக் கரை ஏற்றப்பட்டு, 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் தள்ளப்பட்ட லிபர்ட்டி என்னும் சரக்குக் கப்பல் கிடக்கிறது. கூழாங்கல் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். ஐந்தாறு மீட்டரில் தொடங்கி 30 மீட்டர் வரை சரிந்து செல்லும். படகுக்குக் காத்திருக்காமல் நாளுக்கு மூன்று முறை இறங்க முடிவதால், நாட்களின் பயன் இங்கே மிகுதி.

சிங்கப்பூர், ஜொகூர் பக்கம் இருப்பவர்களுக்கு மெர்சிங் வழியாகத் தியோமான் தீவு மூன்று நாள் விடுப்புக்கே போதும். மார்ச் முதல் அக்டோபர் வரை செல்லலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும்.

குடும்பத்தில் எல்லோரும் முக்குளிப்பதில்லை. அவர்களுக்கு என்ன செய்வது?

முக்குளிப்பு காலையோடு முடிந்துவிடும் என்பதால், பிற்பகலைச் சேர்ந்து கழிக்கக்கூடிய இடமாகப் பாருங்கள். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையும், திருகோணமலையின் கோயிலும் வெந்நீர்க் கிணறுகளும் இதற்கு ஏற்றவை. மாலத்தீவின் சிறு தீவுகளில், கடலில் இறங்காதவர்களுக்கு இரண்டாம் நாளே சலிப்புத் தட்டிவிடும்.

உடல்நிலை குறித்து எதை முன்கூட்டியே பார்க்க வேண்டும்?

மையத்தில் ஒரு மருத்துவ வினாப்பட்டியலைத் தருவார்கள். ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, அண்மையில் நடந்த அறுவைசிகிச்சை, கருவுற்றிருத்தல் போன்றவற்றை உண்மையாகக் குறிப்பிட வேண்டும். ஒன்றுக்கு ஆம் என்று எழுதினாலும் மருத்துவர் சான்று கேட்கப்படலாம். தீவில் போய் மருத்துவரைத் தேடுவதைவிட, புறப்படும் முன்பே அந்தப் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துக் குடும்ப மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

குறுகிய பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய நோயல்ல, சளிதான். முதல் 10 மீட்டருக்குள்ளேயே அழுத்தம் இரு மடங்காகிவிடுவதால், மூக்கடைப்பு இருந்தால் காதைச் சமன்செய்ய முடியாது. வலிக்க வலிக்க இறங்கினால் செவிப்பறை கிழியலாம். மருந்தால் சளியை மறைத்துக்கொண்டு இறங்குவதும் தவறு, மருந்தின் வேகம் ஆழத்தில் தணிந்தால் மேலேறும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ள நேரும். முன்னே சொன்ன வாயுக் குமிழிகளால் வரும் அழுத்தநோய்க்குச் சிகிச்சை தரும் உயரழுத்த அறை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். அந்தமானில் அது தலைநகரின் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. சாதாரணப் பயணக் காப்பீடு முக்குளிப்பை விலக்கியிருக்கக்கூடும். ஆழ எல்லை உட்பட நிபந்தனைகளைப் படித்துவிட்டு, தேவையானால் தனிக் காப்பீடு எடுங்கள்.

டைவிங் மையத்திடம் என்ன கேட்க வேண்டும்?

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதை முதலில் கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் நான் வேறிடம் பார்ப்பேன். படகில் அவசர ஆக்ஸிஜன் இருக்கிறதா, வானிலையால் நின்றுபோனால் பணம் திரும்புமா, எந்த இடத்துக்கு அழைத்துச் செல்வது என்பதை யார் எப்போது முடிவுசெய்கிறார்கள் ஆகியவையும் முக்கியம். நல்ல மையம் நம்மிடமும் கேட்கும்: கடைசியாக எப்போது முக்குளித்தீர்கள், மொத்தம் எத்தனை முறை என்று. எதையும் கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஓராண்டுக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால், முதல் இறக்கத்தை ஆழமற்ற நீரில் மீள்பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பவளங்கள் வெளுத்துவிட்டன என்கிறார்கள். இனியும் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பழைய படங்களில் உள்ள வண்ணங்களை எங்கும் அப்படியே எதிர்பார்க்க முடியாது. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி அப்படியே வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடல் இதைக் கண்டது. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஆழமற்ற திட்டுகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டுள்ளன. சற்று ஆழத்தில் உள்ள பாறைகளிலும் கப்பல் சிதைவுகளிலும் மீன்வளம் இன்னும் மனம் நிறைக்கும். அண்மையில் எந்தத் திட்டு நன்றாக இருக்கிறது என்று மையத்திடம் நேராகவே கேளுங்கள். கைப்பிடி மணலளவு பவளம்கூட எடுத்துவராதீர்கள்: இறந்த துண்டானாலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் அது குற்றம்.

எல்லாம் பதிவு செய்த பிறகு வானிலை கெட்டுவிட்டால்?

முக்குளிப்புகளை விடுமுறையின் தொடக்க நாட்களில் வையுங்கள். ஒரு நாள் படகு நின்றாலும் பின்னால் இடம் இருக்கும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாமல், ஒரு பகுதியை மட்டும் கட்டுங்கள். வானிலை காரணமாகத் தீவுப் படகுகள் நிறுத்தப்படும்போது விமானமும் தவறலாம் என்பதால், மாற்றத்தக்க பயணச்சீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை வீணல்ல. படகோட்டி இன்று வேண்டாம் என்று சொன்னால், அவரிடம் வாதாடாதீர்கள். அதே மையத்தில் கரையோரத் திட்டு ஏதேனும் காற்று மறைவில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பல தீவுகளில் ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது மறுபக்கம் இறங்கும் அளவுக்கு அடங்கியிருக்கும்.